ஒரே கால், இரண்டு அளவுகோல்: மொத்தப் பணமா, மாதக் கொடுப்பனவா?

அண்ணாவின் வலது கால் இடது காலைவிட இரண்டு அங்குலம் குட்டை. 2019இல் சாம்பல்தீவுப் பக்கம் பின்னால் வந்த லொறி ஒன்று இடித்ததில் அவருடைய இடுப்பும் தொடை எலும்பும் முறிந்தன. தகடு வைத்தார்கள், கழற்றினார்கள், மறுபடி வைத்தார்கள். இப்போது ஓர் ஊன்றுகோலோடு நடக்கிறார். நிலாவெளியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பன்னிரண்டு வருடம் நின்று சமைத்தவர் அவர். கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாதவருக்கு அந்த அடுப்படியில் இடம் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். "சேமலாப நிதிப் பணத்தை மொத்தமாக எடுத்து ஓர் ஓட்டோ வாங்குங்கள் தம்பி." வேலை செய்த காலத்தில் ஊழியரும் முதலாளியும் மாதாமாதம் கட்டிச் சேர்த்த ஓய்வுகாலப் பணம் அது. அண்ணாவுக்கும் அந்த யோசனையில் மனம் சாய்ந்திருந்தது. நான் அரசு மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் மாதக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். இரண்டு வருடம் இதே பேச்சு எங்கள் வீட்டில் நடந்தது. அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் அறிந்துகொண்டவற்றை, இதே சந்தியில் நிற்கும் திருகோணமலைக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். எங்களிடம் யாராவது முதல் மாதத்திலேயே இவற்றைச் சொல்லியிருந்தால் நாங்கள் ஒரு பெரிய உரிமையை இழந்திருக்க மாட்டோம்.

இரண்டு வழிகளுக்கும் அடிப்படை வேறுபாடு பணத்தின் அளவில் இல்லை. காகிதத்தில் எழுதப்படும் சொல்லில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பணத்தை எடுக்கலாம். அதற்கு முன்பே நோயின் பேரில் எடுப்பதென்றால் "நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலை செய்ய இயலாதவர்" என்ற வைத்தியச் சான்று வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அப்படிக் கேட்கவில்லை. உடல் அல்லது உளக் குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளை "முழுமையாகவோ பகுதியாகவோ" தானே நிறைவேற்றிக்கொள்ள இயலாதவர் என்பதே அதன் வரைவிலக்கணம். அந்தப் "பகுதியாகவோ" என்ற ஒற்றைச் சொல்தான் அண்ணாவைப் போன்றவர்களுக்கு வாசல். அவர் முழுமையாக இயலாதவர் அல்லர். உட்கார்ந்த இடத்தில் நூறு பேருக்கு இடியப்பம் பிழிவார். ஆனால் அடுப்படியில் நின்று குடும்பத்தைக் காப்பாற்ற முடியாது.

இனி ஓட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்துக்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் உடற்தகுதிச் சான்று தேவை. ஒரு மேசையில் "இவர் எந்த வேலையும் செய்ய இயலாதவர்" என்று சான்று கொடுத்துப் பணத்தை எடுத்துவிட்டு, அடுத்த மேசையில் "இவர் வாகனம் ஓட்டத் தகுதியானவர்" என்று சான்று கேட்க வேண்டும். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. அதையும் விடுங்கள். ஓட்டோவின் பிரேக் வலது காலுக்குக் கீழே இருக்கிறது. அண்ணாவின் உடைந்த கால் அது. எங்கள் முற்றத்தில் இருந்து ஆலோசனை சொன்ன ஒருவருக்கும் அது தோன்றவில்லை; எனக்கும் பல மாதம் தோன்றவில்லை. ஒரு நாள் உறவினர் ஒருவருடைய ஓட்டோவில் அண்ணாவே ஏறி உட்கார்ந்து, காலை வைத்துப் பார்த்து, ஒன்றும் பேசாமல் இறங்கினார்.

கணக்கையும் பார்ப்போம். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு நாங்கள் விண்ணப்பித்த காலத்தில் மாதம் 5,000 ரூபாய். 2024இல் 7,500 ஆனது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ஆக உயர்த்தப்பட்டது. இன்றைய தொகையின்படி வருடத்துக்கு 120,000 ரூபாய், பத்து வருடத்துக்கு 12 இலட்சம். ஒருவருடைய சேமலாப நிதிக் கணக்கில் 9 இலட்சம் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இன்று எடுப்பவருக்குக் கையில் 9 இலட்சம். எடுக்காமல் விட்டுவிட்டு மாதக் கொடுப்பனவு பெறுபவருக்கு அந்த 9 இலட்சமும் வட்டியோடு அப்படியே இருக்கும், மாதப் பணமும் வரும். நிதிக்கு 2023இல் 13 வீதமும் 2024இல் 11 வீதமும் வட்டி வழங்கினார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2022இல் பொருள் விலை ஏறிய வேகத்துக்கு அந்த வருடம் கிடைத்த 9 வீத வட்டி எந்த மூலைக்கும் போதவில்லை. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதால் பழைய ஓட்டோக்களின் விலை ஏறிக்கொண்டே போனது. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் 2020இல் ஓட்டோ வாங்கி, பெற்றோல் வரிசைகளில் நாட்கணக்கில் நின்றாலும், பின்னர் நல்ல விலைக்கு விற்றார். அவருக்கு அது சரியாக அமைந்தது. ஆனால் அவருக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன. மொத்தப் பணம் தனக்குத் தெரிந்த தொழிலில், தன் உடல் தாங்கும் தொழிலில் போட்டால்தான் மொத்தப் பணம். இல்லாவிட்டால் அது யாருடையதோ கலியாணத்துக்கும் யாருடையதோ கடனுக்கும் கூரைத் தகட்டுக்குமாகக் கரைந்துவிடும். எங்கள் சொந்தத்திலேயே இரண்டு வீடுகளில் அப்படிக் கரைந்ததைப் பார்த்தேன். அந்த வீடுகளில் யாரும் ஊதாரிகள் அல்லர். கையில் இலட்சங்களை வைத்துக்கொண்டு, உடன்பிறந்தவளின் பிள்ளைக்குப் பரீட்சைக் காசு இல்லை என்று சொல்ல நம்மவர்களால் முடிவதில்லை, அவ்வளவுதான்.

யார் மொத்தமாக எடுக்கலாம்? உண்மையிலேயே படுக்கையோடு இருப்பவர், முள்ளந்தண்டு நரம்பு அறுந்தவர், இனி எந்த வேலையும் இல்லை என்று வைத்தியரும் மனமும் ஒப்புக்கொண்டவர். வட்டிக்கு வட்டி ஏறும் கடனில் வீடு போகும் நிலையில் இருப்பவருக்கும் நான் தடை சொல்ல மாட்டேன். ஆனால் எடுப்பவர்கள் தொழில் திணைக்களத்துக்குப் போகும்போது ஊழியர் நம்பிக்கை நிதியத்தையும் மறக்கக் கூடாது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதலாளி மாதாமாதம் 3 வீதம் கட்டும் தனி நிதி அது. பலர் சேமலாப நிதியின் கே படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

நடுவில் இன்னொரு வழியும் இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே சேமலாப நிதி மீதியில் 30 வீதம் வரை, அதிகபட்சம் 20 இலட்சம், வீட்டுக்கோ குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கோ எடுக்கலாம். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த வசதி இது. பத்து வருடப் பங்களிப்பும் கணக்கில் குறைந்தது 3 இலட்சமும் வேண்டும். முக்கியமான நிபந்தனை, வேலையில் இருக்க வேண்டும். கால் முடியாமல் போனதும் முதலாளி நீட்டும் இராஜினாமாக் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுபவர்களுக்கு இந்த வாசல் அன்றே மூடிவிடும். அண்ணா அப்படித்தான் போட்டார். அந்த 30 வீதத்தை எடுத்து, கழிப்பறையை மாற்றிக் கட்டி, படியை இடித்துச் சாய்தளம் போட்டிருக்கலாம். மிச்சம் நிதியிலேயே இருந்திருக்கும்.

மாதக் கொடுப்பனவுக்கான பாதை கிராம உத்தியோகத்தரிடம் தொடங்குகிறது. அவர் வதிவிடத்தையும் குடும்ப நிலையையும் உறுதிப்படுத்துவார். அடுத்தது பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர். மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலகங்கள் உள்ளன. எங்களுடையது "பட்டினமும் சூழலும்" என்ற பிரதேச செயலகம். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், ஆஸ்பத்திரிக் குறிப்புகள், வைத்திய அறிக்கை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். இவற்றில் எல்லாரும் கோட்டைவிடும் இடம் வைத்திய அறிக்கைதான்.

எங்கள் முதல் அறிக்கையில் "வலது தொடை எலும்பு முறிவு, குணமடைந்தது" என்று எழுதப்பட்டிருந்தது. எலும்பைப் பொறுத்தவரை அது சரி. எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்க்கும் உத்தியோகத்தருக்கு, குணமடைந்த ஒருவருக்கு எதற்குக் கொடுப்பனவு என்று தோன்றுமா தோன்றாதா? அறிக்கையைப் பார்த்த சமூக சேவை உத்தியோகத்தர் நல்லவர். "இந்த ஐயாவுக்கு என்ன நோய் என்று இதில் இருக்கிறது தங்கச்சி. அவரால் என்ன செய்ய முடியவில்லை என்று இல்லையே. அதை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

அன்றிரவு நானும் அண்ணாவும் ஒரு கொப்பியில் எழுதினோம். எத்தனை தூரம் இளைப்பாறாமல் நடக்கிறார், எத்தனை நிமிடம் நிற்கிறார், தரையில் உட்கார்ந்து எழ முடியுமா, குந்தும் கழிப்பறையைப் பயன்படுத்த முடியுமா, பஸ்ஸின் முதல் படியில் எந்தக் காலை வைக்கிறார், கிணற்றில் நீர் அள்ள முடியுமா, மாதத்தில் எத்தனை நாள் வலியால் படுத்துவிடுகிறார். எழுதும்போது அண்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் இயலாமைகளை வரிசையாக வாய்விட்டுச் சொல்வது ஒரு ஆணுக்கு, அதுவும் தங்கைக்கு முன்னால், எத்தனை கடினம் என்று அன்று கண்டேன். ஆனால் அந்த ஒரு பக்கத்தைக் கிளினிக்கில் வைத்தியரிடம் கொடுத்தபோது அவர் முழுவதையும் வாசித்தார். "கால் நீள வேறுபாடு, நிரந்தரம், 50 மீற்றருக்கு மேல் உதவியின்றி நடக்க இயலாது, நீண்ட நேரம் நிற்கும் தொழிலுக்குத் தகுதியில்லை" என்று புதிதாக எழுதித் தந்தார். ஒரு சொல்கூட மிகை இல்லை. ஒன்றரை வருடம் காத்திருந்த பின் முதல் கொடுப்பனவு வந்தது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடும் இப்படித்தான் கேட்டது. நோயின் பெயரைக் கேட்காமல், பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில் சிரமம் உண்டா என்று கேட்டது. ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது 8.7 வீதத்தினர், ஏதாவது ஒரு சிரமம் இருப்பதாகச் சொன்னார்கள்.

அரசின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசுமவின் குடும்ப உதவியோடு இந்தக் கொடுப்பனவைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். 2023 ஜூலையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கான உதவி ஒன்று, மாற்றுத்திறனாளி, சிறுநீரக நோயாளர், முதியோர் ஆகிய ஆட்களுக்கான கொடுப்பனவு வேறொன்று. குடும்ப உதவியில் வறியவர்களுக்கு 2025 முதல் 10,000 ரூபாயும் மிக வறியவர்களுக்கு 17,500 ரூபாயும். அதற்குக் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைப் பார்க்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கு நடக்க முடியாது என்பது அவற்றில் ஒரு பங்கு மட்டுமே. குடும்ப உதவி கிடைக்கவில்லை என்ற கடிதத்தைப் பார்த்து, மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவும் இல்லை என்று எண்ணிப் பல வீடுகள் பேசாமல் இருந்துவிட்டன. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். குடும்ப உதவி மறுக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்குத் தரப்படும் நாட்களைத் தவறவிடாதீர்கள்.

எழுபது தாண்டிய அம்மா அப்பா உள்ள வீடுகளுக்கு இன்னொன்று. முதியோர் கொடுப்பனவு 5,000, மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு 10,000. இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடமாகச் சுவரைப் பிடித்து நடக்கும் கிழவியை "வயது போய்விட்டது, அதுதான்" என்று முதியோர் பட்டியலில் எழுதிவிடுகிறார்கள். வயது ஒரு காரணம், முறிந்த இடுப்பு வேறொரு காரணம். எது பொருந்தும் என்று உத்தியோகத்தரிடம் முதலிலேயே கேட்க வேண்டும். பாதிக்குப் பாதி வித்தியாசம்.

மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் பொதுசன மாதாந்த உதவியும் இருக்கிறது. தொகை சிறியது. எங்கள் பக்கத்தில் அதற்கு இட்ட பெயர் "பிச்சைச் சம்பளம்". அந்தப் பெயரை வைத்தவர்கள் யாரோ தெரியாது, ஆனால் அந்தப் பெயருக்காகவே கேட்காமல் விட்ட குடும்பங்களை நான் அறிவேன். வேறு எதுவும் கிடைக்காத வரை அதை வாங்குவதில் இழிவு ஒன்றும் இல்லை.

இப்போது நாங்கள் இழந்ததைச் சொல்கிறேன். லொறிச் சாரதிக்கு எதிராகப் பொலிஸ் வழக்குப் போட்டது. நீதவான் நீதிமன்றத்தில் அவர் தண்டப் பணம் கட்டினார். வழக்கு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அந்தத் தண்டப் பணத்துக்கும் அண்ணாவின் காலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதியின் மூலம் நட்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் தனியே குடியியல் வழக்குத் தொடர வேண்டும். அதற்குக் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி விபத்து நாளிலிருந்து இரண்டு வருடம்தான். நாங்கள் ஒரு சட்டத்தரணியைக் கண்டபோது இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகியிருந்தது. அவர் கோவையை மூடித் திருப்பித் தந்தார். எல்லா வழிகளிலும் பெரிய தொகை வரக்கூடிய வழி அதுவாகத்தான் இருந்திருக்கும். கொடுப்பனவு மெதுவாக வந்தாலும் வரும். சேமலாப நிதி எங்கும் ஓடாது. நட்டஈட்டு வழக்குக்கு மட்டும் நாள் குறித்திருக்கிறது. ஆகவே விபத்தில் கால் போனவர்கள் முதலில் போக வேண்டிய இடம் சட்டத்தரணியிடம். கையில் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்கு. வேலைத்தளத்தில் விழுந்தவர்களுக்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அது முதலாளி தர வேண்டிய பணம், அரசு உதவி அன்று. மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் யுத்தத்தில் காயப்பட்டவர்கள் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இழப்பீட்டுக்கான அலுவலகத்தை நாட வேண்டும்.

தூரமும் ஒரு செலவு என்பதை ஒப்பீடுகளில் யாரும் எழுதுவதில்லை. மூதூரில் இருந்து பட்டினத்துக்கு வரும் படகில் ஊன்றுகோலோடு இறங்கி ஏறுவது எத்தகையது என்று ஏறியவர்களுக்குத் தெரியும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு பஸ்ஸில் சுற்றி வரலாம், ஆனால் அந்தப் பஸ்ஸின் படியும் உயரம்தான். ஒரு கையெழுத்துக்காக மூன்று முறை வருபவர் கொடுப்பனவில் ஒரு பகுதியை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறார். அதனால்தான் கொப்பியில் எழுதிக்கொண்டு ஒரே தடவையில் போங்கள் என்கிறேன். ஓர் அலுவலகத்தில் அண்ணாவை மேல்மாடிக்கு வரச் சொன்னார்கள். அவர் பதினெட்டுப் படிகளையும் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு ஏறினார். நான் அழுதுவிட்டேன். பொதுக் கட்டடங்களில் அணுகுவசதி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதி வந்துவிட்டது. 2011இல் மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் கலாநிதி அஜித் பெரேராவின் வழக்கில் உயர் நீதிமன்றமும் கட்டளையிட்டது. கீழே வந்து பேசுமாறு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை. அடுத்த முறை கேட்டோம். உத்தியோகத்தர் கோவையோடு இறங்கி வந்தார்.

பதில் வராமல் மாதங்கள் போனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். "என் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது, காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது, மறுக்கப்பட்டிருந்தால் காரணம் என்ன" என்று தமிழில் ஒரு பக்கம் எழுதித் தகவல் அலுவலரிடம் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எங்கள் கோவை ஒன்பது மாதம் அசையாமல் கிடந்தது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு அசைந்தது.

அண்ணாவின் சேமலாப நிதி இன்னும் அப்படியே இருக்கிறது. அவர் எந்தக் காகிதத்திலும் "முழுமையாக இயலாதவர்" என்று எழுதி வாங்கவில்லை. அதனால் 1988இன் 27/88 பொது நிர்வாகச் சுற்றறிக்கை அரச சேவை வெற்றிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய 3 வீதத்தில் ஒரு சமையற்காரர் வெற்றிடம் வந்தால் விண்ணப்பிக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு இருக்கிறது. இப்போதைக்கு முற்றத்தில் உயரமான முக்காலி போட்டு, அடுப்பை அதன் உயரத்துக்கு ஏற்றிக் கட்டி, காலையில் இடியப்பமும் சொதியும் விற்கிறார். சமூக சேவைப் பகுதியில் சுயதொழில் உதவிக்கான விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறோம். அதில் "செய்யக்கூடிய தொழில்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை அண்ணா தன் கையாலேயே நிரப்பினார்.